மேனேஜர் இல்லாத வீடு

ஜூன் 3

அன்புள்ள அத்தைக்கு,

போனில் எப்போது கூப்பிட்டாலும் "லைன் சரியில்ல, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கோபம் என்று புரிகிறது. கோபக்காரர்களைச் சமாளிப்பதுதான் எனக்கு வேலையே. வங்கிக்குப் போன் போட்டுத் திட்டுகிறவர்களிடம் நாள் முழுக்க "உங்க சிரமம் புரியுதுங்க சார்" என்று சொல்லிச் சொல்லி நாக்குத் தேய்ந்துவிட்டது. திட்டுகிறவரைச் சமாளித்துவிடலாம். வைத்துவிடுகிறவரை என்ன செய்வது? அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் நூல்கண்டு வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் சொல்லாமல் கிளம்பி அக்கா வீட்டுக்கு வந்தது தப்புதான். சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தால் நீங்கள் விட்டிருக்க மாட்டீர்கள். அல்லது நானே அழுதுகொண்டு நின்றிருப்பேன்.

அன்று ஆஸ்பத்திரியில் நடந்ததை உங்களிடம் முழுதாகச் சொல்லவில்லை. டாக்டரம்மா எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர், "வீட்டுல பூனை இருக்கா?" என்றார். "இருக்கு டாக்டர். மாமனார் வளர்த்தது. மேனேஜர்னு பேரு" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, டாக்ஸோபிளாஸ்மோசிஸ் என்று ஒரு நோயின் பெயரைச் சொன்னார். பூனையின் மலத்தில் வரும் ஒரு கிருமியாம். மற்றவர்களுக்கு வந்தால் வந்ததே தெரியாதாம். பிள்ளை சுமக்கும்போது புதிதாக வந்தால் அது வயிற்றுக்குள் இருக்கிற குழந்தைக்கும் போகுமாம். கண்ணையோ மூளையையோ பாதிக்கலாம், சில சமயம் குழந்தை தங்காமலும் போகலாம் என்றார். "பயப்பட வேண்டாம், ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துப் பாத்துடலாம்" என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பாதி என் காதில் ஏறவே இல்லை.

போன தடவை ஐந்தாம் மாதத்தில் போனதற்கு யாரும் காரணம் சொல்லவில்லை, அத்தை. சில நேரம் இப்படி ஆகும் என்றார்கள். அந்த மாதங்களில் மேனேஜர் மலம் கழிக்கிற மணல் தட்டை நான்தான் சுத்தம் செய்தேன். நீங்கள் குனிந்தால் இடுப்பு பிடிக்கிறது என்பீர்களே, அதற்காக. அது என் கால்மாட்டில்தான் தூங்கும். இப்போது அதை நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

பிரசவம் முடிகிற வரைக்குமாவது அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூன் 9

மருமகளுக்கு,

கடிதம் வந்தது. கையெழுத்து மணி மணியாக இருக்கிறது. மாமியார் திரும்பி வருவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளுக்கு எழுத மட்டும் இவ்வளவு பொறுமை எங்கிருந்து வந்ததோ.

எனக்குக் கோபமா என்று கேட்காமலேயே முடிவு கட்டிவிட்டாய். இருக்கட்டும். கோபம்தான்.

மேனேஜரைப் பற்றி டாக்டரம்மாவுக்கு என்ன தெரியும்? நான் ஆணி ஃபாக்டரியில் ஆணி கொட்டுகிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பெட்டி கட்டிய காலத்தில் ஒரு மேனேஜர் இருந்தார். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல் எல்லோரையும் முறைத்துக்கொண்டே இருப்பார். உன் மாமனார் குட்டியைக் கொண்டுவந்த அன்று அது நேராக அலமாரி மேல் ஏறி உட்கார்ந்து என்னை முறைத்தது. "உன் மேனேஜர் வீட்டுக்கே வந்துட்டாரு" என்றார். பெயர் ஒட்டிக்கொண்டது. உன் மாமனார் போய்விட்டார். அவன் இருக்கிறான்.

அவன் தெருவுக்குப் போகிறவன் இல்லை. எலியைக் கண்டால் என் பின்னால் வந்து ஒளிகிறவன். வேகவைத்த மீனைத் தவிர எதையும் மோந்துகூடப் பார்க்க மாட்டான். நீ வா. தட்டைத் தினமும் காலையில் நானே சுத்தம் செய்கிறேன். நீ பக்கத்திலேயே வர வேண்டாம். உன் அறைக்குள் அவன் கால் வைக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் அவனை அனுப்ப முடியாது. ஏன் என்று துருவாதே. ஆசைக்கு வைத்திருக்கவில்லை, தேவைக்கு வைத்திருக்கிறேன். அவ்வளவுதான் சொல்வேன்.

போன தடவையைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பிள்ளைக்காக நீ மட்டும் அழவில்லை. அதற்குத் தைத்த சட்டைகள் தையல் மிஷின் இழுப்பறையில் அப்படியே கிடக்கின்றன. பாபின் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் கையில் தட்டுப்படுகின்றன.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் அக்காள் கையால் சமைத்தால் உப்பைப் பார்த்துப் போடச் சொல்.

அத்தை


ஜூன் 27

அத்தைக்கு,

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. பாசிட்டிவ்.

அக்கா வீட்டுக்காரர்தான் படித்துச் சொன்னார். அவர் மருந்துக்கடையில் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். "இருக்குன்னுதான் போட்டிருக்காங்கம்மா" என்றார். அதற்கு மேல் அவருக்கும் புரியவில்லை. டாக்டரம்மா விடுமுறையில் போயிருக்கிறார், அடுத்த மாதம் நடுவில்தான் வருவாராம். அங்கே இருந்த சின்ன டாக்டர், "இன்னொரு டெஸ்ட் எடுக்கணும், மேடம் வந்து சொல்லுவாங்க, அதுவரைக்கும் டென்ஷன் ஆகாதீங்க" என்றார். நானும் தினமும் நூறு பேரிடம் டென்ஷன் ஆகாதீர்கள் என்று சொல்கிறவள்தான். அது எவ்வளவு வெறும் பேச்சு என்று அன்றுதான் தெரிந்தது.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு யாருடைய கார்டு நம்பரையோ திரும்பச் சொல்லும்போது, என் குழந்தை கண் தெரியாமல் பிறந்துவிடுமோ என்று மனசுக்குள் ஓடுகிறது. நம்பர் மாறிப்போகிறது. இரண்டு முறை சூப்பர்வைசர் எழுந்து வந்து பார்த்துவிட்டார்.

தேவைக்கு வைத்திருக்கிறேன் என்கிறீர்கள். அலமாரி மேல் உட்கார்ந்து முறைக்கிற பூனை ஒரு வீட்டுக்கு எதற்குத் தேவை? என் புருஷன் கப்பலில் இருக்கிறார், அவரிடம் சொன்னால் "அம்மாகிட்ட நீயே பேசு" என்கிறார். பேச எங்கே விடுகிறீர்கள்?

கடைசியாகக் கேட்கிறேன். உங்களுக்கு யார் வேண்டும்? அந்தப் பூனை அங்கே இருக்கிற வரைக்கும் நான் அந்தப் படி ஏற மாட்டேன். இந்தக் குழந்தை உயிரோடு வந்து சேர்ந்தால் அதையும் அங்கே கூட்டி வர மாட்டேன். நான் இப்படியெல்லாம் எழுதுவேன் என்று நானே நினைத்ததில்லை. ஆனால் எழுதிவிட்டேன், கிழித்துப் போடப் போவதில்லை.


ஜூலை 2

மருமகளுக்கு,

கொடுத்துவிட்டேன்.

பாலத்தைத் தாண்டி ஒரு காகிதக் குடோன் இருக்கிறதே, அங்கே காவலுக்கு இருக்கிறவர் என் ஃபாக்டரிக்காரர். எலித் தொல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். மேனேஜர் எலியைக் கண்டால் ஓடுவான் என்று நான் சொல்லவில்லை. காய்கறிப் பையில் வைத்து, ஜிப்பைப் பாதி திறந்துவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். வழி முழுக்க என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். வாயைத் திறந்து திறந்து மூடினான். கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்ததை வைத்து, கத்துகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

மணல் தட்டைக் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிக் கழுவிக் குப்பை வண்டியில் போட்டாயிற்று. உன் அறைத் தலையணை உறை, விரிப்பு எல்லாம் துவைத்துவிட்டேன்.

எனக்கு யார் வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதை நீ கேட்டிருக்க வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


ஜூலை 8

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். நிம்மதியா வருத்தமா என்று எனக்கே தெரியவில்லை. நான் எழுதியது கொஞ்சம் அதிகம்தான். மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இது என்ன கதை? பக்கத்து வீட்டு டீச்சர் போன் செய்தார். "உங்க அத்தை வீட்டுல பால் பாத்திரம் கருகி ஒரே புகை. நான்தான் உள்ளே போய் அடுப்பை அணைச்சேன். அவங்க அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து தைச்சுக்கிட்டே இருக்காங்க, கண்டுக்கவே இல்ல" என்றார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தவர்கள் வந்து கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார்களாம். யாருக்கும் திறப்பதில்லையாம்.

நான் இரண்டு வருஷம் உங்களோடு இருந்தேன். ஒரு நாள்கூட பால் பொங்கி வழிந்து பார்த்ததில்லை. யாராவது கதவை இரண்டாவது முறை தட்டுவதற்குள் திறந்துவிடுவீர்கள். பூனைக்காக இப்படி உலகத்தோடு பேசாமல் உட்கார்ந்துகொண்டால் எனக்கு எப்படி இருக்கும்? யாரைத் தண்டிக்கிறீர்கள், என்னையா?


ஜூலை 12

மருமகளுக்கு,

பால் பொங்கியது. எல்லார் வீட்டிலும் பொங்கும். டீச்சருக்கு வேறு வேலை இல்லை.

அத்தை


ஜூலை 24

என் அன்பான அத்தைக்கு,

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. குழந்தைக்கு ஒன்றும் இல்லை! முதலில் இதைப் படித்துவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

டாக்டரம்மா வந்துவிட்டார். இன்னொரு பரிசோதனை எடுத்தார். பாசிட்டிவ் என்று வந்தது உண்மைதான், ஆனால் அது பழைய தொற்றாம். "இந்தக் கர்ப்பத்துக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருக்கும்மா. இப்போ உன் உடம்புல அதுக்கு எதிர்ப்பு இருக்கு. அதுதான் உன் குழந்தைக்குக் காவல். இல்லன்னு வந்திருந்தாத்தான் நான் இன்னும் ஜாக்கிரதையா இருக்கச் சொல்லியிருப்பேன்" என்றார். நான் எதை நினைத்து இத்தனை நாள் தூங்காமல் கிடந்தேனோ, அதுவேதான் என் பிள்ளைக்குக் காவலாக இருந்திருக்கிறது.

எப்போது வந்திருக்கும் என்று கேட்டேன். யாராலும் சொல்ல முடியாதாம். பூனைதான் என்றும் இல்லையாம். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, மண்ணில் கை வைத்துவிட்டு அப்படியே சாப்பிடுவது, இதிலெல்லாம்தான் நிறையப் பேருக்கு வருமாம். உடனே அக்கா, "இவ சின்ன வயசுல மண்ணுல கேக் செஞ்சு தின்னவ டாக்டர்" என்று மானத்தை வாங்கிவிட்டாள்.

மேனேஜரை அனுப்பிவிட்டதைச் சொன்னேன். டாக்டரம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நான் பூனையை விரட்டச் சொன்னேனா? வீட்டுக்குள்ளேயே இருந்து சமைச்சதைத் தின்னுற பூனையால பெரிய ஆபத்து இல்ல. அந்தக் கிருமி வெளியே வந்து ஒட்டிக்கிற நிலைக்கு வரவே ஒரு நாளுக்கு மேல ஆகும். வேற யாராவது தினமும் தட்டைச் சுத்தம் பண்ணிக் கையைக் கழுவினாப் போதும்" என்றார். நீங்கள் முதல் கடிதத்திலேயே அதைத்தானே சொன்னீர்கள். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் வெட்கம்.

போன தடவையைப் பற்றியும் கேட்டேன். "அதுக்கு இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது. அப்போ யாரும் டெஸ்ட் எடுக்கல" என்றார். அது அப்படியே இருக்கட்டும் அத்தை. அதை இனித் தூக்கிச் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

இப்போது ஐந்தாம் மாதம். நேற்று முதல் தடவையாக உதைத்தது. ஒரு வாடிக்கையாளர் திட்டிக்கொண்டிருந்தார், நடுவில் நான் சிரித்துவிட்டேன்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி அங்கே வந்துவிடுகிறேன். அதற்குள் குடோனுக்குப் போய் மேனேஜரை அழைத்து வாருங்கள். அந்தக் காவல்காரர் கேட்டால் அது ஓர் எலியைக்கூடப் பிடிக்காது என்ற உண்மையைச் சொல்லிவிடுங்கள், உடனே கொடுத்துவிடுவார். குழந்தை பிறந்து ஆறு மாதம் ஆனதும் நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டும். பகலில் பிள்ளை உங்களிடம்தான். ஆயாவிடமோ காப்பகத்திலோ விட எனக்கு இஷ்டமில்லை. உங்களை நம்பித்தான் இருக்கிறேன்.

உங்கள் மருமகள்


ஜூலை 30

அம்மாடி,

உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதே. குழந்தைக்கு ஒன்றும் இல்லை என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். உன் மாமனார் படத்தின் முன்னால் நின்று சத்தமாகப் படித்தேன். சத்தமாகத்தான் இருந்திருக்கும், டீச்சர் ஓடி வந்துவிட்டாள்.

இதோடு நிறுத்திக்கொள்ளத்தான் நினைத்தேன். மற்றதை உன்னிடம் சொல்லக் கூடாது, வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு எதற்கு என்று இருந்தேன். ஆனால் பிள்ளையை என்னிடம் விடுகிறேன் என்று எழுதிவிட்டாய். இனிச் சொல்லாமல் இருந்தால் அது பாவம்.

எனக்குக் காது கேட்காது.

கொஞ்சம் மந்தம் என்று உனக்கும் உன் புருஷனுக்கும் தெரியும். மந்தம் இல்லை. கேட்கவே கேட்காது. ஆணி மிஷின் வருஷக்கணக்காக அரித்து அரித்துத் தின்றுவிட்டது. ஃபாக்டரியை விட்டு வந்த பிறகு மிச்சம் மீதி இருந்ததும் போயிற்று. எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். போனில் உதடு இல்லையே. அதனால்தான் லைன் சரியில்லை என்பேன். உன்மேல் கோபத்தில் வைக்கவில்லை. கோபம் இருந்தது, அது வேறு. கருவி ஒன்று வாங்கி மாட்டிப் பார்த்தேன். பேச்சு கேட்கவில்லை, தலைக்குள் மறுபடியும் ஆணி கொட்டியது. கழற்றி டப்பாவில் போட்டுவிட்டேன்.

இதை உன் மாமனார் ஒருவர்தான் அறிவார். மகனுக்குத் தெரிந்தால் கப்பலை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுவான். வாடிக்கைக்காரர்களுக்குத் தெரிந்தால் அளவு சொன்னது புரியுமோ புரியாதோ என்று துணி கொடுக்க மாட்டார்கள். உனக்குத் தெரிந்தால் பிள்ளையை என் கையில் கொடுக்க மாட்டாய் என்று பயந்தேன்.

அவர் போன பிறகு எனக்குக் காதாக இருந்தவன் மேனேஜர். நான் பழக்கவில்லை. அவன் பாட்டுக்கு இருந்தான், நான்தான் அவனைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். கதவு தட்டினால் அவனுடைய இரண்டு காதும் வாசல் பக்கம் திரும்பும். பால் பொங்கப் போகிற நேரத்தில் தலையைத் தூக்குவான். குக்கர் விசில் அடித்தால் காதை மடக்கிக்கொள்வான். எத்தனை தடவை மடக்குகிறான் என்று எண்ணித்தான் அடுப்பை அணைப்பேன். தைக்கும்போது அவனை எதிரில் அலமாரி மேல் உட்கார வைத்துக்கொள்வேன். அவன் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் நீ நினைத்தாய். ஃபாக்டரி மேனேஜரைப் போல இல்லை, இவன் நாள் முழுக்க வேலை பார்த்தான்.

முதல் பிள்ளை போன பிறகு நீ அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுவாய். ஒவ்வொரு தடவையும் நான் டீயோடு வந்து நின்றேனே, எனக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தாய்? அவன் உன் கதவடியில் போய் உட்கார்ந்துகொள்வான். அதைப் பார்த்துத்தான் தண்ணீரை அடுப்பில் வைப்பேன்.

இப்போது நடந்ததைக் கேள்.

உன் கடிதம் வருவதற்கு நாலைந்து நாள் முன்னால், பகல் நேரம். பள்ளிக்கூடத் துணி மலைபோலக் கிடந்தது. மதியச் சாப்பாடு முடித்துவிட்டு மிஷினில் உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. மிஷின் ஓடும்போது தரை அதிர்வதால் கதவு அதிர்கிறதா என்பதும் எனக்குத் தெரியாது. பொழுது சாயும் நேரத்தில் கழுவின தண்ணீரைக் கொட்டப் பின்கதவைத் திறந்தேன்.

படியில் கிடந்தான். பாலத்தைத் தாண்டி, அத்தனை வண்டிகளுக்கு நடுவே எப்படி வந்தானோ தெரியவில்லை. பின்னங்கால் ஒன்று நசுங்கியிருந்தது. வயிற்றில் கை வைத்தேன், சூடு இருந்தது. மூச்சு இல்லை. கதவின் அடிப்பக்கத்துப் பெயின்ட் முழுக்கப் புதிதாக நகக் கீறல்.

டீச்சர் வந்து பார்த்தாள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "மத்தியானத்துல இருந்து கதவடியில கத்திக்கிட்டே இருந்துச்சும்மா. மருமகளுக்கு ஆகாதுன்னு கொடுத்துட்டீங்களே, அதான் மனச கல்லாக்கிக்கிட்டுத் திறக்காம இருக்கீங்கன்னு நெனச்சேன். எப்படித்தான் தாங்குறீங்களோன்னு இருந்துச்சு" என்றாள். அவள் உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் ஒன்றையும் தாங்கவில்லை, அம்மாடி. நான் உள்ளே சாவகாசமாக விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

கதவுக்கு வெளியே யாராவது நின்றால் எனக்குச் சொல்கிறவன் அவன் ஒருவன்தான். அன்றைக்கு வெளியே நின்றது அவனே. யார் எனக்குச் சொல்வார்கள்?

உன்மேல் பழி போடுவதற்கு இதை எழுதவில்லை. நீ பிள்ளைக்காகப் பயந்தாய், தாய் பயப்படத்தான் வேண்டும். அவன் எனக்கு எதற்கு என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தால் நீ அப்படிக் கேட்டிருக்க மாட்டாய். எனக்குத்தான் வாய் வரவில்லை.

நீ வா, தாராளமாக வா. ஆனால் பிள்ளையை மட்டும் என்னிடம் தனியாக விடாதே. ஒரு மதியம் முழுக்கக் கதவுக்கு அந்தப் பக்கம் கத்திய உயிரைக் கேட்காதவள் நான். பக்கத்து அறையில் உன் குழந்தை அழுதால் எனக்கு எப்படித் தெரியும்?

அத்தை


ஆகஸ்ட் 5

அத்தை,

கடிதம் நேற்று வந்தது. அப்போதே எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

யார்மேல் தப்பு என்று எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள்மேல் பழி இல்லை, என்மேலும் பழி இல்லை என்று சொன்னால் நாம் இரண்டு பேருமே நம்ப மாட்டோம். அவனை அந்தப் பையில் வைத்து அனுப்பியது நான்தான். என் பயம்தான். உங்களுக்கு யார் வேண்டும் என்று நான் கேட்டேனே, அந்த வரியை உங்கள் கண்ணிலிருந்து அழிக்க முடிந்தால் எதை வேண்டுமானாலும் கொடுப்பேன். உங்கள் காதையே பிடுங்கிக்கொண்டு, எதற்கு அது உங்களுக்கு என்றும் கேட்டிருக்கிறேன்.

அந்த டீயை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். சத்தம் வெளியே வரக்கூடாது என்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டுதான் அழுவேன். அப்போதும் வந்துவிடுவீர்கள். இவங்களுக்கு இருக்கிற காதைப் பாரு என்று அழுகைக்கு நடுவே சிரித்திருக்கிறேன். அவன் என் கதவடியில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. நான் அவனைத் தாண்டித்தான் வெளியே வந்திருப்பேன், பார்த்ததே இல்லை.

இன்று ஆபீஸில் ஒரு அம்மா கூப்பிட்டார். நான் சொல்வது கேட்கவில்லை போல, "லைன் சரியில்லம்மா, வெச்சிடட்டுமா?" என்றார். "வெக்காதீங்கம்மா, மெதுவா சொல்றேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். வழக்கத்தைவிட ரொம்ப நேரம் ஆகிவிட்டது. சூப்பர்வைசர் திட்டினார். திட்டட்டும்.

குழந்தை விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம்தான் விடுவேன். பக்கத்து அறையில் தொட்டில் எதற்கு? நீங்கள் தைக்கிற இடத்துக்கு எதிரில் போடுவோம், அலமாரி இருக்கிற பக்கம். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே தையுங்கள். உங்களுக்குப் பார்த்தே தெரிந்துகொள்ள வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பழைய கருவியையும் எடுத்துக்கொண்டு ஒரு நல்ல காது டாக்டரிடம் போவோம், நான் கூட வருகிறேன். அவர் சொல்வது உங்களுக்குப் புரிகிற வரைக்கும் அவரை விடமாட்டேன். எனக்கு அதுதானே வேலை. இதெல்லாம் சரியாக வருமா என்று எனக்கும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் இல்லாமல் இந்தப் பிள்ளையை வளர்ப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது.

அவனை எங்கே வைத்தீர்கள்? வந்ததும் எனக்குக் காட்டுங்கள்.

பத்தாம் தேதி சாயங்காலம் வந்துவிடுவேன். அன்றைக்கு யார் தட்டுகிறார்கள் என்று வாசலிலேயே காத்துக்கொண்டு உட்கார வேண்டாம். பழைய சாவி என் பெட்டியில் இருக்கிறது. நானே திறந்துகொண்டு வந்து உங்கள் தோளைத் தொடுகிறேன். திடுக்கிடாதீர்கள்.

உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 8

அம்மாடி,

இது உனக்கு நீ கிளம்புவதற்குள் கிடைக்குமோ கிடைக்காதோ. டீச்சர் மகன் அந்தப் பக்கம் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

பஸ்ஸில் நடு சீட்டாகப் பார்த்து உட்கார். பின்னால் உட்கார்ந்தால் தூக்கித் தூக்கிப் போடும். பெட்டியை நீ தூக்காதே, கண்டக்டரிடம் சொல். இழுப்பறையில் இருந்த சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப் போட்டிருக்கிறேன். பழசுதானே வேண்டாம் என்று நீ சொன்னால் புதிதாகத் தைக்கிறேன். நீ வந்து சொல்.

தொட்டிலுக்கு நீ சொன்ன இடம் சரிதான். நேற்று அலமாரியை நகர்த்தி அளந்து பார்த்தேன். அலமாரி மேல் அவனுடைய முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நான் துடைக்கவில்லை. வேண்டுமானால் நீ வருவதற்கு முன்னால் துடைத்துவிடுகிறேன்.

அவன் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கு அருகில் இருக்கிறான். மண்ணை வெறுங்கையால் தொடாதே. டாக்டரம்மா சொன்னதை நீயே எழுதியிருக்கிறாய்.

சாவியைத் தேடி எடுக்க வேண்டாம். முன்கதவுப் பூட்டைத் தொடவும் வேண்டாம். நேராகப் பின்பக்கம் வா. பின்கதவு அன்றிலிருந்து திறந்துதான் கிடக்கிறது. எலி வருகிறது, புழுதி வருகிறது, தைத்து வைத்த வெள்ளைச் சட்டையெல்லாம் அழுக்காகிவிட்டது, டீச்சர் தினமும் திட்டுகிறாள். கதவில் கை வைக்கிறேன், சாத்த முடியவில்லை. வெளியே யாரும் இல்லை என்று எனக்கு யார் சொல்வது?

நீ உள்ளே வந்த பிறகு, ஒரு தடவை நன்றாகக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, நீயே சாத்து.

அத்தை